பெரியண்ணன் பெட்டி, சின்னண்ணன் திரை

புதிதாகக் கம்ப்யூட்டர் கடை போட்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். கேமிங் மிஷின் விற்கும்போது, திரையின் மூலையில் ஓடுகிற அந்தப் பச்சை எண்ணைப் பெரிய மனிதர்களுக்குக் காட்டாதீர்கள். விளையாடப் போகிற பிள்ளைக்குக் காட்டுங்கள், தப்பில்லை. வாங்கிக் கொடுக்க வருகிற மாமா, சித்தப்பா, பெரியப்பா வகையறாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள். காட்டி நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் தொழில்காரர்களின் வாட்ஸாப் குழுவில் "சீனியர் அனுபவம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். கடையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறவன்தானே, எழுதட்டும் என்ற எண்ணம். பிராசஸருக்குப் பசை எப்படித் தடவுவது, ஒயரை எப்படிச் சுருட்டிக் கட்டுவது என்றெல்லாம் எழுதுவேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். அதற்கெல்லாம் வீடியோ இருக்கிறது. அதில் வருகிற பையன் என்னைவிட அழகாகத் தடவுகிறான். அவன் வீடியோவில் இல்லாதது ஒன்றுதான்: மிஷினைக் கொண்டுபோய் இறக்குகிற வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்கிற விவரம்.

அருப்புக்கோட்டையில் நெடுங்காலம் கடை வைத்திருந்தேன். டைப்படித்துக் கொடுத்தேன், பிரிண்டருக்கு மை ஊற்றினேன், பிறகு கேமரா மாட்டினேன், கடைசியில் கேமிங் வந்து சேர்ந்தது. எதை விற்றாலும் நம் பக்கத்து ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எவ்வளவு குடுக்கும்?" பைக் என்றால் மைலேஜ், மாடு என்றால் பால், காடு என்றால் மூட்டை. கம்ப்யூட்டரைப் பார்த்து அப்படிக் கேட்க வழியில்லாமல் பாவம் தவித்துப்போயிருந்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்க ஃப்ரேம் ரேட் வந்தது. ஒரு நொடியில் மிஷின் எத்தனை படம் வரைந்து தள்ளுகிறது என்கிற கணக்கு. அப்புறம் கேட்க வேண்டுமா? வீரசோழன் பக்கம் துபாயிலிருந்து லீவில் வருகிறவர்கள்கூட, கிராபிக்ஸ் கார்டைப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இது எத்தனை குடுக்கும் பாய்... இல்ல, அண்ணே?" என்று தடுமாறிக் கேட்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. திரைக்கு என்று தனியாக ஒரு வேகம் இருக்கிறது. சாதாரணத் திரை நொடிக்கு அறுபது முறைதான் படத்தை மாற்றும். மிஷின் இருநூறு வரைந்தாலும் கண்ணுக்கு வருவது அறுபதுதான். மீதி உழைப்பு சூடாக வெளியே வரும். நம் ஊரில் சூட்டுக்கு என்ன பஞ்சமா? அதனால் நான் விற்ற ஒவ்வொரு மிஷினிலும் ஃப்ரேம் லிமிட் போட்டுத்தான் அனுப்புவேன். திரை எவ்வளவு காட்டுமோ அவ்வளவுக்கு மட்டும் வரை, மற்ற நேரம் சும்மா இரு என்று மிஷினுக்குச் சொல்லி வைப்பது. என் மிஷின் எதுவும் சித்திரை வெயிலில் செத்ததில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். லிமிட் போடாமல் விற்கிற பக்கத்துக் கடைக்காரரோடு டீக்கடையில் நின்று சண்டையே போட்டிருக்கிறேன்.

இப்படி நான் உத்தமனாக இருந்த காலத்தில்தான் பெரியண்ணன் கடைக்கு வந்தார். பரளச்சிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவர். அவருடைய தங்கை பஞ்சவர்ணம் அவரைப் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவார். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். அவருடைய தம்பி இந்தத் தங்கைக்குச் சின்னண்ணன்.

"தங்கச்சி பாளையம்பட்டியில வீடு கட்டியிருக்கு. வைகாசியில பால் காய்ச்சுறாக," என்றார். "பொறந்த வீட்டுச் சீரு செய்யணும். பாத்திரம் பண்டமெல்லாம் எடுத்தாச்சு. மருமக கீர்த்தனா காலேசுல படிக்குது, அதுக்குக் கேம் ஆடுற கம்ப்யூட்டர் வேணுமாம். தங்கச்சியே வாயத் தொறந்து கேட்டுருச்சு. நல்லதாக் கட்டிக் குடுங்க."

"பெட்டியும் திரையும் சேர்த்தே பார்த்துரலாமா?"

"திரை வேண்டாம். அதை ஒரு ஆளு எடுத்துத் தாராரு."

அந்த "ஒரு ஆளு" என்பதைச் சொல்லும்போது அவர் கடைக்கு வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்த தம்பியைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எவரோ மாமன் மச்சான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டி தயாரானதும் வந்து பார்த்தார். கடையிலிருந்த நல்ல திரையில் கார் ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். என்ன திரை வரும் என்று தெரியாததால் லிமிட்டை மாட்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். மூலையில் எண் ஓடியது. இருநூற்றுப் பத்து, இருநூற்றிருபது. படத்தைப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார்.

"அது என்ன நம்பரு?"

சொன்னேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுக்கு மேல இந்த ஏரியாவுல யாருக்கும் போட்டுக் குடுத்திருக்கீகளா?"

"இல்லைங்க."

"அப்பச் சரி. அந்த நம்பரை மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டு விடுங்க. தள்ளி நின்னு பாத்தாலும் தெரியணும்."

எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். விசேஷத்தன்று நானே வந்து மாட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து அழைத்தார். விசேஷ வீட்டுச் சாப்பாடு என்பதால் வருகிறேன் என்றேன்.

பால் காய்ச்சு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தலும் மைக் செட்டும் அமர்க்களமாக இருந்தன. பெரியண்ணனின் சீர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து மேளத்தோடு வந்தது. அண்டா, குத்துவிளக்கு, பழத்தட்டுகளுக்குப் பின்னால் குட்டியானை வண்டியில் நான் கட்டிய பெட்டி. அதன் கண்ணாடிப் பக்கத்தில் யாரோ பக்தியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு சம்பங்கி மாலையும் போட்டிருந்தார்கள். காற்று போகிற ஓட்டையெல்லாம் மாலையில் அடைந்துபோயிருந்தது. நான் பதறிக்கொண்டிருக்கும்போதே தெருவின் மறுகோடியிலிருந்து இன்னொரு மேளம் வந்தது. அது சின்னண்ணன் சீர். நான்கு ஆட்கள் சுமந்து வந்த பெட்டியைப் பார்த்தால் உள்ளே பீரோ இருக்கும் என்று நினைப்பீர்கள். அறுபத்தைந்து அங்குல டிவி.

இரண்டு மேளமும் வாசலில் நேருக்கு நேர் நின்று ஆளுக்கு ஒரு தாளத்தில் வாசித்தன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னால் எதை முதலில் நிறுத்துவது என்ற பிரச்சினை வரும்.

அங்கேதான் எனக்கு விவரம் தெரிந்தது. அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம். பேசாமல் இருப்பது என்றால் சும்மா இல்லை. ஒரே கூடத்தில் நின்றுகொண்டு நடுவில் இருக்கிற ஆளிடம் சொல்லுவார்கள். "டிவியை அந்தச் செவத்துல வச்சா வெயில் அடிக்கும்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்று பெரியண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார். அவருடைய தம்பி ஒரு முழத் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வெயில் படாத டிவின்னு அவுககிட்டச் சொல்லுங்க" என்று அவரும் என்னைப் பார்த்தே சொன்னார். நான் இருவரையும் பார்த்துத் தலையாட்டினேன்.

கீர்த்தனா ஓரமாக நின்றிருந்தாள். நான் ஒயர் மாட்டும்போது குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், இந்த டிவி அறுபதுதானே?"

"அறுபதுதாம்மா."

"நான் சின்னதா, வேகமான மானிட்டர் ஒண்ணு கேட்டேன். சின்ன மாமா இருக்கிறதுலயே பெருசு எதுன்னு கேட்டு வாங்கிட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இத்தனையும் யாருக்காக என்று கேட்டால் அவளுக்காக. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மட்டும் நீங்கள் கேட்கக் கூடாது.

மைக் செட்காரர் கையில் மைக்கோடு கூடத்துக்கே வந்துவிட்டார். வெளியே பந்தலில் இருக்கிறவர்களுக்கு உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டுமாம். கேமைப் போட்டேன். கார் கிளம்பியது. மூலையில் எண் பளிச்சென்று எரிந்தது.

"பெரிய தாய்மாமா சீர் வழங்கிய பெட்டி, இருநூற்றுப் பதினைந்து!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. எது இருநூற்றுப் பதினைந்து என்று வெளியே யாருக்கும் தெரியாது. ஆனாலும் கைதட்டினார்கள். பெரியண்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

கார் முதல் வளைவில் திரும்பியதுதான் தாமதம், படம் நடுவில் வெட்டுப்பட்டது. மேல்பாதிக் கார் ஓர் இடத்தில், கீழ்ப்பாதிக் கார் கொஞ்சம் தள்ளி. மிஷின் தன் இஷ்டத்துக்குப் படத்தைத் தள்ளும்போது, டிவி ஒரு படத்தைப் பாதி காட்டி முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். மேலே பழசு, கீழே புதுசு. சின்னத் திரையில் இது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அறுபத்தைந்து அங்குலத்தில் வாசலில் நிற்கிறவருக்கும் தெரிந்தது.

"என்னங்க, டிவி கிழியுது?" என்றார் பெரியண்ணன் மனைவி. சத்தமாகத்தான் சொன்னார்.

"தள்ளுபடியில எடுத்திருப்பாக" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சின்னண்ணன் முகம் செத்துவிட்டது. "காலையிலதான் பிரிச்சோம். கடையில நல்லாத்தான் ஓடுச்சு," என்று என்னிடம் சொன்னார். இதை அவர் நிஜமாகவே என்னிடம்தான் சொன்னார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"டிவியில குறை இல்லைங்க, ஒரு செட்டிங்தான்" என்று சொல்லி விசிங்கைப் போட்டேன். திரை ஒரு படத்தை முழுதாகக் காட்டி முடிக்கும்வரை அடுத்ததைத் தள்ளாதே என்று மிஷினைக் கட்டிப்போடுவதுதான் விசிங்க். போட்டதும் படம் ஒட்டிக்கொண்டது. கார் அழகாகத் திரும்பியது. மூலையில் எண் அறுபதில் போய் நின்றது.

மைக் செட்காரர் நேர்மையான மனிதர். "இப்பொழுது... அறுபது!" என்று அறிவித்தார்.

பெரியண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டினார், திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார், திரும்பினார்.

"கம்ப்யூட்டர்காரரே, கடையில இருநூத்துச் சொச்சம் காட்டுச்சே. மிச்சம் எங்கிட்டுப் போச்சு?"

"எங்கேயும் போகலைங்க. இந்த டிவி காட்டுறது அறுபதுதான். அதுக்குத் தக்கன குறைச்சு விட்டிருக்கேன்."

"அப்ப நான் செஞ்ச சீரை அவர் சீருக்குத் தக்கனக் குறைச்சிருக்கீக?"

தம்பிகளே, கணக்கைப் பாருங்கள். விசிங்கை எடுத்தால் ஊருக்கு முன்னால் தம்பியின் டிவி கிழிகிறது. போட்டால் அண்ணனின் பெட்டி அறுபதாகிறது. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு, "கரண்ட்டு லோ வோல்டேஜு" என்று எதையாவது உளறியிருந்தால்கூட நிலைமை தேறியிருக்கும். நம் பக்கத்தில் லோ வோல்டேஜ் என்றால் எதையும் நம்புவார்கள். நான் விளக்க ஆரம்பித்தேன்.

விவசாயிகளுக்கு இதை விளக்க என்னிடம் எப்போதும் ஒரு உதாரணம் உண்டு. திருச்சுழி ரோட்டிலிருந்து வருகிற எத்தனையோ பேருக்குச் சொல்லி, "ஆமால்ல!" என்று தலையாட்ட வைத்த உதாரணம். தைரியமாக எடுத்து விட்டேன்.

"அதாவதுங்க, கிணத்துல ஊத்து இவ்வளவுதான் ஊறும்னு வச்சுக்கங்க. அதுல போயி பத்து ஹெச்.பி. மோட்டாரை மாட்டினா என்ன ஆகும்? தண்ணி கூடவா வரும்? காத்தைத்தான் இழுக்கும். மோட்டார் சூடேறும், பக்கத்துல உள்ளவுகளுக்கும் தண்ணி இல்லாமப் போகும். ஊறுறதுக்குத் தக்கன இழுக்கிறவன்தான் கெட்டிக்காரன்."

யாரும் தலையாட்டவில்லை. பிறகு சின்னண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

"கேட்டுக்கங்கப்பா! வெளியாளு, ஒண்ணும் தெரியாத மனுசன், அவரே சொல்லிட்டாரு. இதைத்தான நான் பஞ்சாயத்துல சொன்னேன்!"

அப்பா விட்டுப்போன ஒரே கிணறு. அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள் என்று முறை. மழை பொய்த்த வருஷத்தில் அண்ணன் அஞ்சு ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பத்து ஹெச்.பி. போட்டார். அவர் முறை முடிந்து தம்பி முறை வரும்போது கிணற்றில் சேறுதான் இருந்தது. பேச்சு நின்றது அன்றைக்குத்தான். இந்தக் கதையெல்லாம் அந்தக் கூடத்திலிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நம் ஊர்ப்பக்கம் கிணற்றை உதாரணமாகச் சொல்லுவதற்கு முன்னால், அது யார் கிணறு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"பணம் வாங்கிட்டு அவருக்குப் பேச வந்தீகளா?" என்று பெரியண்ணன் என்மேல் பாய்ந்தார். நான் அவரிடம் மட்டும்தான் வாங்கியிருந்தேன் என்பதைச் சொல்ல அது நேரமில்லை. அவர் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். "டேய், வண்டியை எடுங்கடா. பெட்டி நம்ம வீட்டுக்கே வரட்டும். சோறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பஞ்சவர்ணம் என் கையைப் பிடிக்காத குறையாகச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனார். கீர்த்தனாவும் கூடவே வந்தாள்.

"அண்ணே, நான் வேணும்னுதான் பிரிச்சுக் கேட்டேன்," என்றார் பஞ்சவர்ணம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முழுசா ஒருத்தர்கிட்டக் கேட்டா அவர் வருவாரு, மத்தவரு வரமாட்டாரு. பெட்டி ஒருத்தரு, திரை ஒருத்தருன்னு கேட்டா, ரெண்டு பேரும் வந்தாத்தான் அது ஓடும். அப்பா எறந்தப்பக்கூட ஆளுக்கொரு பக்கம் நின்னாக. இந்த வீட்டுலயாவது ரெண்டு பேரும் கை நனைக்கணும்ணே. ஒருத்தர் சாப்பிடாமப் போனா, நான் இந்த வீட்டுல எப்படி நிம்மதியா இருப்பேன்? நீங்கதான் ஏதாவது செய்யணும்."

எனக்குத் தெரிந்த உத்திகளிலேயே பெரிய உத்தி இந்த அம்மாவுடையதுதான். நம்மில் யாரும் இவ்வளவு யோசித்து ஒரு மிஷினைக் கட்டியதில்லை. அதை நான் ஒரு கிணற்றில் போட்டு முக்கி எடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

கீர்த்தனா தொண்டையைச் செருமினாள். "அங்கிள், டிரைவர் செட்டிங்ல மூணாவதா ஒண்ணு இருக்கே?"

"அது சுத்த வேஸ்ட்டும்மா."

"தெரியும் அங்கிள்," என்றாள்.

அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதைப் போட்டால் மிஷின் தன் முழு வேகத்தில் வரைந்துகொண்டே இருக்கும். திரை எப்போதெல்லாம் கேட்கிறதோ, அப்போது கடைசியாக முடிந்த ஒரு முழுப்படத்தை எடுத்துக் கொடுக்கும். வரைந்ததில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாமல் குப்பைக்குப் போகும். படம் கிழியாது, எண்ணும் குறையாது. கார்டு மட்டும் வெறுமனே வெந்துகொண்டிருக்கும். கல்யாணப் பந்தியில் இலையோடு சுருட்டி எறிகிற சோறு மாதிரி. இதைச் செய்கிறவர்களைத்தான் நான் காலமெல்லாம் டீக்கடையில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சவர்ணம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எது சரி என்று யோசிக்க ஒரு பாத்திரம் கழுவுகிற நேரம்கூட ஆகவில்லை. கூடத்துக்குப் போனேன்.

பெரியண்ணன் கடைசி ஒயரில் கை வைத்திருந்தார்.

"அய்யா, ஒரு நிமிஷம். நான்தான் செட்டிங்கைத் தப்பாப் போட்டுட்டேன்," என்றேன். "உங்க பெட்டிக்குப் போட வேண்டியதே வேற. என் தப்பு."

நம் தொழிலில் இந்த ஒரு வாக்கியம் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும்விட உபயோகமானது. பெரியவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மெக்கானிக் தப்பு செய்தான் என்றால் மட்டும் இரண்டு தரப்பும் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளும்.

ஒயரெல்லாம் திரும்ப மாட்டினேன். மூன்றாவது செட்டிங்கைப் போட்டேன். சம்பங்கி மாலையைக் கழற்றி, மரியாதையாக டிவிக்கும் பெட்டிக்கும் பொதுவாக நடுவில் வைத்தேன். கார் கிளம்பியது, வளைவில் திரும்பியது, ஒரு கீறல் இல்லை. மூலையில் இருநூற்றுப் பதினெட்டு.

"பெரிய தாய்மாமா பெட்டி, இருநூற்றுப் பதினெட்டு! சின்ன தாய்மாமா சீர் வழங்கிய அறுபத்தைந்து அங்குலத் திரையில்!" என்று மைக் செட்காரர் இருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்குப் புத்தி உண்டு.

பெட்டியின் விசிறிகள் ரைஸ் மில் மாதிரி இரைந்தன.

"என்னய்யா இந்தச் சத்தம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பவரு," என்றார் பெரியண்ணன்.

"ஒரு கோடு விழுகலை பாத்தீகளா?" என்றார் சின்னண்ணன் பொதுவாகச் சுவரைப் பார்த்து.

இருவரும் சாப்பிட்டார்கள். ஆளுக்கொரு பந்தியில்தான், ஆனாலும் சாப்பிட்டார்கள். பஞ்சவர்ணம் இரண்டு பந்தியிலும் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார். எனக்கும் நல்ல சாப்பாடு. ஆனால் உள்ளே இரைந்துகொண்டிருந்த அந்த விசிறிகளைக் கேட்டபடி சாப்பிட்டதில் எனக்கு அப்பளம்கூட இறங்கவில்லை. உள்ளே வெந்துகொண்டிருந்தது நான் மாட்டிய கார்டு.

கொஞ்ச நாள் கழித்துக் கீர்த்தனா போன் செய்தாள். "அங்கிள், ஹாலுக்குள்ள உட்கார முடியலை. அடுப்புப் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு. இப்பதான் எல்லாம் முடிஞ்சுருச்சே, லிமிட் போட்டுத் தந்துருங்களேன். நானே போட்டுருவேன், அம்மாதான் உங்களைக் கேக்காமத் தொடக் கூடாதுன்னு சொல்லுது."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கொள்கையைக் காப்பாற்ற இரண்டாவது வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பாளையம்பட்டி டவுன் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் சோபாவில் பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். டவுனுக்கு வருகிற நாளிலெல்லாம் இப்படி வந்து கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். பிள்ளை ஆடுவதையா பார்க்கிறார்? மூலையை மட்டும்தான் பார்க்கிறார். சோபாவின் மறுகோடியில் சின்னண்ணன். அண்ணன் வந்து டிவியைக் குறை சொல்லிவிடுவாரோ என்று காவல் காக்க அவரும் வருகிறாராம். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தார்கள். கீழே கீர்த்தனா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துத் துடைத்து ஆடிக்கொண்டிருந்தாள். கூடம் நிஜமாகவே கொதித்தது.

நான் கீபோர்டில் கை வைக்கப் போனேன். பஞ்சவர்ணம் சமையல்கட்டு வாசலிலிருந்து கண்ணால் கூப்பிட்டார். போனேன்.

"அண்ணே, குறைச்சுறாதீக," என்றார் மெதுவாக.

"சூடு தாங்காதும்மா. கார்டு சீக்கிரம் போயிரும். பிள்ளையும் வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கு."

"போனாப் போகுதுண்ணே. நம்பர் கொறைஞ்சுருச்சுன்னா பெரியண்ணன் வரமாட்டாக. அவுக வரலைன்னா இவுகளும் வரமாட்டாக."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போது கூடத்திலிருந்து பெரியண்ணன் குரல் கேட்டது.

"ஏலே, அந்தத் திரையக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பு. நம்பரு தெரிய மாட்டேங்குது."

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கூடத்தில் நடுவில் நின்று கேட்டுச் சொல்ல ஆள் யாரும் இல்லை.

"இந்தா, திருப்புறேண்ணே," என்றார் சின்னண்ணன். சோபா கிறீச்சிட்டது.

பஞ்சவர்ணம் கையிலிருந்த டீத் தம்ளர்களை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. இன்னும் ஏதாவது பேசுவார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பையிலிருந்து கூடுதலாக இரண்டு விசிறிகளை எடுத்துப் பெட்டிக்குள் மாட்டினேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். எண்ணைத் தொடவில்லை. கிளம்பும்போது கீர்த்தனா ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.

"லிமிட் போட்டாச்சா அங்கிள்?"

"இல்லம்மா. ஃபேன்தான் போட்டிருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திரும்பிச் சோபாவைப் பார்த்தாள். நடுவில் விட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு முறுக்குத் தட்டு இருந்தது. இரண்டு மாமன்களும் அதிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டு, ஒருவர் எண்ணையும் ஒருவர் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி அங்கிள்," என்றாள். நெற்றியை ஒருமுறை துடைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.